தும்பிக்கை வைத்த எழுத்துகள் எங்கே போயின?

கேள்வி: "தாத்தா வீட்டுப் பரணில் 1950-களில் அச்சான புத்தகங்கள் கிடைத்தன. அவற்றில் ணை, லை, னை எல்லாம் முன்னால் தும்பிக்கை தூக்கிக்கொண்டு நிற்கின்றன. றா, னா இரண்டும் கீழே சுழிந்து வேறு ஏதோ எழுத்து மாதிரி இருக்கின்றன. இவற்றை எப்போது, யார் மாற்றினார்கள்? கணினிக்காகத்தான் மாற்றினார்களா?"

முதலில் நேரடியான பதில். தமிழ்நாடு அரசு 1978 அக்டோபரில் ஓர் ஆணை போட்டு மாற்றியது. அப்போது முதலமைச்சர் எம்.ஜி.ஆர். பெரியார் நூற்றாண்டையொட்டி வந்த ஆணை அது. அதில் உள்ள வடிவங்களைப் பெரியார் 1935-லேயே தம் 'குடி அரசு' இதழில் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார். ஆக, தமிழ்நாட்டில் எந்த வீட்டு மேசையிலும் கணினி வராத காலத்து யோசனை இது. கணினிக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனால் இயந்திரத்துக்கும் இதற்கும் நிறையத் தொடர்பு உண்டு. அந்தக் கதையைப் பலரும் மறந்துவிட்டார்கள் என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

மாறியவை மொத்தம் 13 எழுத்துகள் என்று எங்கும் எழுதியிருக்கும். ணா, றா, னா என மூன்று. ணை, லை, ளை, னை என நான்கு. ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ என ஆறு. உற்றுப் பார்த்தால் இந்த ஆறும் தனி வடிவங்களே அல்ல. சுழித்த ணா, றா, னாவுக்கு முன்னால் ஒற்றைக் கொம்போ இரட்டைக் கொம்போ போட்டால் அவை வந்துவிடும். அதனால் உண்மையில் விடைபெற்ற உருவங்கள் ஏழுதான். ஏழே ஏழு உருவங்களுக்காகவா இத்தனை வருஷப் போராட்டம் என்று தோன்றலாம். அச்சுக்கூடத்துக்குள் நுழைந்து பார்த்தால்தான் அதன் கனம் புரியும்.

அதற்கும் முன்னால் ஓலைச்சுவடிக்குப் போக வேண்டும். எழுத்தாணியால் ஓலையில் எழுதுகிறவர் கையை எடுக்காமல் வளைத்து வளைத்து எழுதினார். ண, ற, ன போன்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் காலைத் தனியாகப் போடாமல், எழுத்தின் கடைசிக் கோட்டையே கீழே இழுத்துச் சுழித்துவிடுவது கைக்கு எளிது. நாம் பழைய புத்தகத்தில் பார்க்கும் ணா, றா, னா அந்தக் கையோட்டத்தின் மிச்சம். தும்பிக்கையும் இப்படி எழுத்தோடு ஒட்டி வளர்ந்ததுதான்.

ஓலையில் வேறு சிக்கல்களும் இருந்தன. புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்று பெரும்பாலும் புள்ளியே வைக்க மாட்டார்கள். பழைய முறைப்படி எகர ஒகரக் குறிலுக்கு அடையாளமே புள்ளிதான். அது இல்லையென்றால் 'எரி'யும் 'ஏரி'யும் ஒரே மாதிரி இருக்கும். காலும் ரகரமும் ஒரே உருவம். 'சாபம்' என்று எழுதியிருந்தால் 'சரபம்' என்றும் படிக்கலாம். படிக்கிறவர் பொருளை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். சுவடியிலிருந்து அச்சுக்கு நூல்களைக் கொண்டுவந்தவர்கள் பட்ட பாட்டில் பாதி இந்த இடத்தில்தான். பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் குறிலுக்கு ஒற்றைக் கொம்பு, நெடிலுக்கு மேலே சுழித்த கொம்பு என்று பிரித்தார் என்பது மரபாகச் சொல்லப்படும் செய்தி. இன்று நாம் எழுதும் கெ, கே வேறுபாடு அவ்வழி வந்தது. ஆகவே 1978-இல்தான் முதன்முறையாக யாரோ தமிழ் எழுத்தில் கை வைத்தார்கள் என்று நினைப்பது சரியல்ல.

இனி ஈயத்தில் வார்த்த அச்செழுத்துக்கு வருவோம். தமிழில் அச்சான நூல்களில் நமக்குக் கிடைத்திருப்பவற்றுள், தமிழ் எழுத்திலேயே அச்சான பழமையானது 'தம்பிரான் வணக்கம்'. 1578-இல் கொல்லத்தில் அச்சிடப்பட்ட 16 பக்கச் சிறு நூல். இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்தியாவிலேயே அச்சான முதல் நூல் என்றும் அதைச் சொல்வார்கள். அதன் பிரதி இன்று அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

அடுத்த பெரிய கட்டம் தரங்கம்பாடி. இந்தக் கதையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. டேனிஷ்காரர்கள் வசம் இருந்த அந்த ஊரில் சீகன்பால்கு என்ற ஜெர்மானிய மதபோதகர் பணியாற்றிய காலம். லண்டனிலிருந்து ஓர் அச்சு இயந்திரம் அவருக்கு அனுப்பப்பட்டது. வழியில் ரியோ டி ஜெனிரோவில் கப்பல் பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கியது. அதிலிருந்து மீண்டு புறப்பட்டால், இயந்திரத்தோடு வந்துகொண்டிருந்த அச்சுத் தொழிலாளி ஜோனாஸ் ஃபிங்க் நன்னம்பிக்கை முனை அருகே காய்ச்சலில் இறந்துபோனார். ஆள் இல்லாமல் இயந்திரம் மட்டும் 1712-இல் வந்து சேர்ந்தது. மறு வருஷம் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் அச்செழுத்துகள் வந்தன. இங்கிருந்து எழுதி அனுப்பிய எழுத்துகளைப் பார்த்து, தமிழே தெரியாதவர்கள் வெட்டிய அச்சுகள் அவை.

எழுத்துகள் பெரிய பெரியதாக இருந்தன. காகிதமோ கடல் கடந்து வர வேண்டிய பொருள். விவிலியம் போன்ற நூலை அந்த அளவில் அச்சிட்டால் காகிதம் கட்டுப்படியாகாது. எனவே தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்து வார்க்க முடிவு செய்தார்கள். ஈயத்துக்கு எங்கே போவது? இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி அடைத்து வந்த டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கினார்கள். 1715-இல் அச்சு முடிந்த தமிழ்ப் புதிய ஏற்பாட்டின் பின்னால் இருப்பது அந்த ஈயம். பிறகு பக்கத்துப் பொறையாரில் காகித ஆலையே வைத்தார்கள். எழுத்தின் அளவை, அதன் வளைவுகளின் நெருக்கத்தை, காகிதத்தின் விலை தீர்மானித்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் ஹண்ட் என்பவர் இன்னும் சிறிய, இன்னும் அழகான தமிழ் அச்செழுத்துகளை உருவாக்கினார். 1862-இல் வந்த வின்சுலோ அகராதியைப் புரட்டிப் பார்த்தால் அந்த நேர்த்தி தெரியும்.

இப்போது அச்சுக் கோக்கும் கம்பாசிட்டரின் இடத்தில் நின்று பாருங்கள். அவர் முன்னால் மரத்தாலான கேஸ். அதில் அறை அறையாக அச்செழுத்துகள். தமிழில் ஒவ்வொரு மெய்க்கும் அகர வடிவம், புள்ளி வைத்தது, இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் என ஆறு தனித்தனி வார்ப்பு வேண்டும். 18 மெய்க்கு 108. உயிர் 12, ஆய்தம் 1, கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு ஆகிய 4. கூட்டினால் 125. கிரந்த எழுத்துகள், எண்கள், நிறுத்தக்குறிகள் தனி. இதன் மேல்தான் அந்த ஏழு உருவங்களும் உட்கார்ந்திருந்தன. 'கா' என்றால் கவும் காலும் எடுத்துச் சேர்க்கலாம். 'னா' என்றால் அதற்கென்று ஓர் அறை தேடிப் போக வேண்டும். 'கை' வேண்டுமென்றால் ஐகாரக் கொம்பு, 'லை' வேண்டுமென்றால் வேறு அறை. அதையும் ஒவ்வோர் அளவுக்கும், தடித்த எழுத்துக்கும் மெல்லிய எழுத்துக்கும் தனித்தனியாக வாங்கி வைக்க வேண்டும். சிறிய பத்திரிகை நடத்துகிறவருக்கு இது காசு.

பெரியாரின் வாதத்தில் இந்த அச்சு நடைமுறைக்கும், எழுத்துப் படிக்கும் குழந்தைக்கும் சம இடம் இருந்தது. 'கா, ஙா, சா' என்று கால் போட்டுப் பழகும் குழந்தைக்கு 'ணா' வந்ததும் ஏன் வேறு விதி? இந்தக் கேள்விக்கு 'அப்படித்தான் வழக்கம்' என்பதைத் தவிரப் பதில் கிடையாது. அவர் ஐ, ஔ இரண்டையும் அய், அவ் என்று எழுதலாம் என்றும் சொன்னார். அரசின் சீர்திருத்தத்தில் அது நிலைக்கவில்லை, அதனால்தான் ஐயும் ஔவும் இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. திராவிடர் கழக ஏடான 'விடுதலை'யில் மட்டும் அய்யா என்ற எழுத்து தொடர்கிறது.

1935-க்கும் 1978-க்கும் இடையில் 43 ஆண்டுகள். அந்த இடைவெளியில் ஒரே தமிழ்நாட்டில் இரண்டு தமிழ் எழுத்து ஓடின. கடையில் தொங்கும் திராவிடர் கழக ஏட்டில் ஒரு மாதிரி, பக்கத்திலேயே தொங்கும் வார இதழில் இன்னொரு மாதிரி. அறுபதுகளின் படம் ஏதாவது ஒன்றின் டைட்டில் ஓடும்போது நிறுத்திப் பாருங்கள், தும்பிக்கை வைத்த லை கட்டாயம் கண்ணில் படும். ஆணை வந்த பிறகும் ஒரே நாளில் எல்லாம் மாறிவிடவில்லை. சுவர் எழுதும் ஓவியர், கோயில் உபயக் கல்வெட்டு வெட்டுபவர், கல்யாணப் பத்திரிகை அடிப்பவர் எல்லாரும் கைப்பழக்கப்படியே கொஞ்ச காலம் போனார்கள். சிங்கப்பூர், மலேசியா, இலங்கை ஆகிய நாடுகளும் பின்னால் ஏற்றுக்கொண்டன. முதியவர்களின் கையெழுத்தில், அதுவும் யாழ்ப்பாணத்துக் கடிதங்களில், பழைய றாவையும் னாவையும் இன்றும் காணலாம்.

உங்கள் கேள்வியில் இயந்திரம் என்ற பகுதிக்கு நான் அதிகம் சொல்ல விரும்புவது அச்சகத்தைப் பற்றி அல்ல, தட்டச்சுப் பொறியைப் பற்றி. காரணம், அதை உருவாக்கியவரை நாம் போதுமான அளவு நினைப்பதில்லை.

யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886-இல் பிறந்தவர் இரா. முத்தையா. இளவயதிலேயே மலாயாவுக்குப் போய், சிங்கப்பூரில் ஓர் ஆங்கில வணிக நிறுவனத்தில் எழுத்தராக வேலை பார்த்தார். அலுவலகத்தில் ஆங்கிலத் தட்டச்சுப் பொறி சடசடவென்று ஓடுகிறது. தமிழுக்கு அப்படி ஒன்று இல்லை. அன்றைய பொறியில் இருப்பது 40-க்கு மேல் சில விசைகள். ஒவ்வொரு விசையிலும் மேலும் கீழுமாக இரண்டு உருவம், ஆக ஏறத்தாழ 90 இடங்கள். எண்களும் நிறுத்தக்குறிகளும் அதற்குள் அடங்க வேண்டும். அச்சகத்துக் கேஸில் 125-க்கு மேல் அறைகள் வைத்துச் சமாளித்ததை இவர் மிச்சமிருக்கும் இடத்தில் அடக்க வேண்டும். கேஸில் இன்னோர் அறையைச் சேர்க்கலாம். விசைப்பலகையில் முடியாது.

அவர் கண்ட வழி நகரா விசை. சாதாரணமாக ஒரு விசையைத் தட்டினால் எழுத்து விழும், காகிதம் சுற்றிய உருளை ஓர் எழுத்து அளவு நகரும். புள்ளி, இகர விசிறி, ஈகார விசிறி ஆகியவற்றின் விசைகளைத் தட்டினால் குறி மட்டும் விழும், உருளை அசையாது. அடுத்து மெய்யெழுத்தைத் தட்டினால் அதே இடத்தில் விழுந்து இரண்டும் ஒன்றாகிவிடும். 'தமிழ்' என்று அடிக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். த, பிறகு விசிறி, பிறகு ம, பிறகு புள்ளி, பிறகு ழ. தட்டுவது 5, உருளை நகர்வது 3. கையால் எழுதும்போது புள்ளியைக் கடைசியில் வைப்போம். பொறியில் புள்ளி முதலில் விழுந்து எழுத்துக்காகக் காத்திருக்கும். இந்த ஒரு யோசனையில் அச்சகத்தின் 54 வார்ப்புகள், அதாவது 18 மெய்களின் புள்ளி, இகர, ஈகார வடிவங்கள், மூன்று குறிகளில் அடங்கிவிடுகின்றன.

டகரம் மட்டும் இதற்கு ஒத்துவரவில்லை. டி, டீ இரண்டிலும் விசிறி எழுத்தின் உள்ளிருந்தே கிளம்புகிறது, மேலே கொண்டுவந்து ஒட்ட முடியாது. அதனால் டி, டீ இரண்டுக்கும் தனி விசை கொடுத்துவிட்டார்கள். உகரத்துக்கும் குறி போட்டு ஒட்ட வழியில்லை, கு ஒரு மாதிரி, து ஒரு மாதிரி, மு வேறு மாதிரி. அதற்குக் கண்ட தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. க இருக்கும் விசையின் மேல்தட்டில் கு. த மேல் து. ம மேல் மு. ட மேல் டு. ஷிப்டை அழுத்தினால் அகரம் உகரமாகிறது. தனியே மனப்பாடம் செய்ய எதுவும் இல்லை.

முத்தையாவின் பொறிகளை ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து சைடல் அண்ட் நௌமான் நிறுவனம் செய்து கொடுத்தது. தையல் இயந்திரத்தில் பெயர் எடுத்து, 'ஐடியல்', 'எரிக்கா' என்ற தட்டச்சுப் பொறிகளாலும் உலகெங்கும் அறியப்பட்ட நிறுவனம் அது. யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் சிங்கப்பூரில் யோசித்த பலகைக்கு டிரெஸ்டனில் எஃகு அடித்தார்கள். சென்னை மாநிலத்தில் 1956-இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்தபோது அரசு அலுவலகங்களுக்குத் தமிழ்ப் பொறிகள் தேவைப்பட்டன. அதற்குள் தமிழில் தட்டச்சு செய்ய முடியும் என்பது நிரூபிக்கப்பட்ட விஷயம். மேசையில் உட்கார்ந்து தமிழில் கோப்பு எழுதிய ஒவ்வோர் அலுவலகமும் முத்தையாவுக்குக் கடன்பட்டது என்றே நான் நினைக்கிறேன். அவர் பெயர் பள்ளிப் பாடத்தில் இருக்க வேண்டும்.

தட்டச்சுப் பயிலகத்துக்குப் போனவர்களுக்கு முதல் பாடம் நினைவிருக்கும். இடது கை விரல்கள் ய, ள, ன, க, ப. வலது கைக்குக் கால், த, ம, ட. தமிழில் அடிக்கடி வருகிறவை விரலடியிலேயே இருக்கின்றன. லோயர், ஹையர் என்று இன்றும் தேர்வு நடக்கிறது. டிஎன்பிஎஸ்சியில் தட்டச்சர் வேலைக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும்.

இந்தப் பலகை பொறியோடு முடிந்துபோகவில்லை. கணினி வந்ததும் பாமினி என்ற எழுத்துரு பரவியது, இலங்கைத் தமிழரிடமும் புலம்பெயர்ந்தவர்களிடமும் அது ஏறக்குறைய ஒரே எழுத்துரு. பாமினி செய்தது எளிய வேலை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்துவிட்டது, அதுவும் தட்டச்சுப் பொறியின் அடுக்கிலேயே. 'தமிழ்' என்று அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் திரையில் தெரிவது ஆங்கில ஜே, கே, பி, ஓ, அதன் பின் ஓர் அரைப்புள்ளி. 'அம்மா' என்றால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். சங்க ஆண்டு மலருக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் வந்த கோப்புகளை இப்படிப் பார்த்துத் திகைத்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். கெட்டுப்போன கோப்பு என்று நினைப்பார்கள். உண்மையில் அந்த எழுத்துகள் தட்டச்சு விரல்கள் ஆங்கிலப் பலகையில் விழுந்த இடங்கள். தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் வானவில் எழுத்துரு இருந்தது, அதன் கோப்புகளுக்கும் இதே கதி. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் தமிழ்99 விசைப்பலகை வந்தது. எல்லாக் கணினிக்கும் பொதுவான ஒருங்குறியை (யூனிகோட்) அரசு 2010-இல் ஏற்றது. அதில் அடித்தால்தான் எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே திறக்கிறது.

ஒருங்குறியில் ஒரு நல்ல திருப்பம் இருக்கிறது. பொறியில் 'கெ' அடிக்க முதலில் கொம்பு, பிறகு க. கண்ணுக்குத் தெரியும் வரிசை. ஒருங்குறியில் முதலில் க, பிறகு எகரக் குறி. ஒலிக்கும் வரிசை. கொம்பைத் தூக்கி முன்னால் வைப்பது எழுத்துருவின் வேலை. ஒட்டுவதும் பிரிப்பதும் சுழிப்பதும் எல்லாம் இப்போது அதன் பொறுப்புதான். எனவே ஊகாரம், இகரம் எல்லாவற்றுக்கும் தனிக் குறி போட்டு எழுத்துகளை மேலும் குறைக்க வேண்டும் என்று கல்வியாளர் வா.செ. குழந்தைசாமி போன்றவர்கள் முன்வைத்த யோசனையில் எனக்கு உடன்பாடு இல்லை. ஈயத்துக்கும் எஃகுக்கும் இடம் கொடுக்க எழுத்தைச் சுருக்கியது நியாயம். இன்றைய திரைக்கு அந்தத் தேவை இல்லை, அதைச் செய்தால் இருக்கிற புத்தகங்களெல்லாம் பேரப்பிள்ளைகளுக்கு அந்நியமாகும். பெரியாரின் 13 எழுத்துகளோடு நின்றது சரியான அளவு.

அதே காரணத்தால் பழைய வடிவங்களும் சாகவில்லை. ணகரமும் ஐகாரக் குறியும் சேர்ந்த அதே குறியீட்டை, எழுத்துரு வரைபவர் விரும்பினால் தும்பிக்கையோடு காட்டலாம். பழைய படத்தின் சுவரொட்டியை மறுபடி வடிவமைப்பவர், பழைய நூலை அதன் முகத்தோடே பதிப்பிப்பவர் இருவருக்கும் இது உதவும். உள்ளே இருக்கும் எழுத்து மாறாது, தேடினாலும் கிடைக்கும்.

உங்கள் பரண் புத்தகங்களைப் படிக்க இவ்வளவு தெரிந்தால் போதும். முன்னால் தும்பிக்கை இருந்தால் அது ணை, லை, ளை, னை நான்கில் ஒன்று, தும்பிக்கையை விட்டுவிட்டு மீதி எழுத்து எது என்று பாருங்கள். ண, ற, ன மூன்றில் ஒன்றின் கடைசிக் கோடு கீழே இறங்கிச் சுழிந்திருந்தால் கால் போட்டதாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சுழித்த எழுத்துக்கு முன்னால் ஒற்றைக் கொம்பு இருந்தால் ணொ, றொ, னொ. இரட்டைக் கொம்பு என்றால் ணோ, றோ, னோ. நாலு பக்கம் வாய்விட்டுப் படித்தால் ஐந்தாம் பக்கத்திலிருந்து கண் தானாகவே ஓடும்.